ஆம் எனக் கொள்க

ஜன்னல் பக்கம் நீங்களே உட்காருங்கள் சிஸ்டர். எனக்கு வளைவுகளில் தலை சுற்றாது, ஐந்து வருஷமாக ஏறி இறங்குகிற மலை இது. தடுப்பூசி முகாமை முடித்துக்கொண்டு இறங்குகிறீர்களா? நேற்று ஆட்டோவில் மைக் கட்டி எங்கள் காலேஜ் வாசல் வழியாகச் சொல்லிக்கொண்டு போனார்கள். குறிச்சிமலைக்கு நர்ஸ் வருவதே ஆறு மாதத்துக்கு ஒரு தடவை.

இத்தனை பேர் நின்றுகொண்டு வரும்போது இந்த சீட் மட்டும் எப்படிக் காலியாக இருந்தது என்றுதானே தயங்கினீர்கள்? நானும் அப்படித்தான் தயங்கினேன். கண்டக்டர் சொன்னார், "உக்காரும்மா, உனக்குன்னு விட்டு வெச்சிருக்காங்க." யார் விட்டு வைத்தது என்று கேட்டேன். விசிலை ஊதிவிட்டுப் பின்பக்கம் போய்விட்டார். தினமும் ஏழரை மணி பஸ்ஸில் பாட்டு அலறும். இன்றைக்கு டிரைவர் அதையும் போடவில்லை.

இவர்கள் எல்லோரும் ஊத்துப்பாறைக்காரர்கள். பதினான்கு வீடு. குழந்தைகளைக்கூடத் தூக்கிக்கொண்டு கோர்ட்டுக்குப் போகிறார்கள். என்னை முறைக்கிறார்களா, பாருங்கள். இல்லை அல்லவா? அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. முறைத்தால் நான் திருப்பிக் கேட்பேன். வாதம் என்று வந்தால் எனக்குப் பயம் கிடையாது. சும்மா இருக்கிறவர்களிடம் என்ன வாதாடுவது?

முன்னால் மூன்றாவது சீட்டில், பச்சை ஸ்வெட்டர் போட்டுத் தலையில் துண்டு சுற்றியிருக்கிறாரே, அவர்தான் சடைச்சி அக்கா. எங்கள் ஹாஸ்டல் மெஸ்ஸில் நாலரை வருஷம் எனக்குச் சோறு போட்டவர். நான் ஏறியதும் "அக்கா" என்று கூப்பிட்டேன். திரும்பவில்லை. நீங்களே நியாயம் சொல்லுங்கள். பொங்கலுக்கு அவருக்கு நான் சேலை எடுத்துக் கொடுத்தவள்.

நான் சங்கமித்ரா. இறுதியாண்டு. இன்றைக்கு இவர்கள் வழக்கில் சாட்சி சொல்லப் போகிறேன். யார் பக்கமா? எஸ்டேட் பக்கம். அப்படிப் பார்க்காதீர்கள் சிஸ்டர். முதலில் முழுசாகக் கேளுங்கள். இதில் ஏமாற்றப்பட்டவள் நான்தான்.

எங்கள் சட்டக் கல்லூரியை வெளியில் யாருக்கும் தெரியாது. மொத்தமே நூற்று அறுபது பேர். வெள்ளைக்காரன் சீட்டாடுவதற்குக் கட்டிய கிளப் கட்டடம், மழை பெய்தால் லைப்ரரிக்குள் குடை பிடிக்க வேண்டும். ஆனால் மூட் கோர்ட் என்று வந்தால் எங்களை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. மூட் கோர்ட் என்றால் மாதிரி வழக்கு. ஒரு கற்பனைத் தகராறைக் கொடுப்பார்கள், சீட்டு எடுத்து உனக்கு இந்தப் பக்கம், உனக்கு அந்தப் பக்கம் என்று பிரிப்பார்கள், நிஜ நீதிமன்றம் மாதிரியே வாதாட வேண்டும். எந்தப் பக்கம் வந்தாலும் அந்தப் பக்கத்துக்காக உயிரைக் கொடுக்க வேண்டும். எனக்குக் கொலைகாரன் பக்கம் வந்திருக்கிறது, லஞ்சம் வாங்கிய தாசில்தார் பக்கம் வந்திருக்கிறது. நான் எதிலும் தோற்றதில்லை.

எங்கள் காலேஜில் ஒரு வழக்கம். வருஷா வருஷம் தை மாதம் முன்னாள் மாணவர் தினம். அன்றைக்குத்தான் மூட் இறுதிப் போட்டி. பிரச்சினையை எழுதிக் கொடுப்பது முன்னாள் மாணவர் சங்கத் தலைவர் ஞானப்பிரகாசம் சார். கீழே டவுனில் பெரிய சிவில் வக்கீல். கோப்பை அவருடைய அப்பா பெயரில். அவருடைய ஆபீசில் ஜூனியராகச் சேருவதுதான் எங்கள் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் கனவு. எனக்கு அப்படி ஒன்றும் இல்லை. சேர்ந்தால் சேருவேன், அவ்வளவுதான்.

போன தையில் கொடுத்த பிரச்சினை இது. ஒரு மலை. அங்கே 'அ' என்ற எஸ்டேட். அது கைவிட்டுப் போட்டிருந்த ஒரு மூலையில் 'ஆ' என்ற ஊர்க்காரர்கள் குடிசை போட்டுப் பதினெட்டு வருஷம் இருந்துவிட்டார்கள். இப்போது எஸ்டேட் காலி செய்யச் சொல்லி வழக்குப் போடுகிறது. அடுத்தவர் நிலத்தில் பன்னிரண்டு வருஷம் இடைவிடாமல், எல்லோருக்கும் தெரிய, குடியிருந்தால் அது குடியிருப்பவருக்கே ஆகிவிடும் என்று சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது. இவர்கள் பதினெட்டு வருஷம் இருந்திருக்கிறார்கள். அப்படியானால் எஸ்டேட்டுக்கு என்ன வழி? ஒன்றும் இல்லை. சீட்டு எடுத்தேன், எனக்கு எஸ்டேட்.

ஊத்துப்பாறைக்கு இதே மாதிரி ஒரு வழக்கு இருக்கிறது என்று தெரியாதா என்று கேட்கிறீர்கள். தெரியும். மலையில் யாருக்குத்தான் தெரியாது? பதினைந்து வருஷமாக வாய்தா ஓடிக்கொண்டிருக்கிறது. ஆனால் தாளின் அடியில் தெளிவாக அச்சடித்திருந்தது: 'இது முற்றிலும் கற்பனை. எவரையும் குறிப்பிடுவதல்ல.' அச்சடித்ததை நம்பாமல் சட்டம் படிக்க முடியுமா?

பத்து நாள் மண்டையைப் போட்டு உடைத்தேன். கடைசியில் ஒரு மத்தியானம் அடுப்படிக்குப் போய் உட்கார்ந்தேன். சடைச்சி அக்கா சேப்பங்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். எனக்கு ஒரு சுக்கு டீ போட்டுக் கொடுத்தார். அன்றைக்கு நடந்தது எனக்கு வார்த்தைக்கு வார்த்தை ஞாபகம் இருக்கிறது. என் ஞாபகசக்தி அப்படி.

"என்னா பாப்பா, மூஞ்சி கருத்துக் கெடக்கு?"

"ஒரு கேஸுக்கா. தோத்துடுவேன் போல."

"நீயா? நீ தோத்தா மாடு முட்டை போடும்."

"அக்கா, ஒரு ஊரே மொத்தமா எந்திரிச்சு வேற எங்கயாவது போகுமா? கொஞ்ச நாளைக்கு?"

"ஏன் போவாது? நாங்க போனோமே. இங்க வந்து குடிசை போட்டு பதினோரு வருசம் ஆன சமயம். ரெண்டு மழ பொய்ச்சுது. ஊத்து வத்திப்போச்சு, குடிக்கத் தண்ணி இல்ல. புள்ளகுட்டியத் தூக்கிக்கிட்டு எல்லாரும் குடகுக்குக் காப்பி பறிக்கப் போய்ட்டம். ரெண்டு மழக்காலம் கழிச்சுத்தான் வந்தம். வந்து பாத்தா கூரையெல்லாம் கரையான்."

சிஸ்டர், எனக்குக் கையிலிருந்த டீ சூடு தெரியவில்லை. பதினோரு வருஷம். அப்புறம் ஓர் இடைவெளி. அப்புறம் வழக்குப் போடும் வரைக்கும் ஐந்து வருஷம். பதினொன்று இருக்கிறது, ஐந்து இருக்கிறது, பன்னிரண்டு எங்கே? இல்லை. எவ்வளவு அழகு, பாருங்கள்! நோட்டில் தேதி போட்டு அங்கேயே எழுதினேன். அக்காகூடச் சிரித்தார். "நான் பேசறத எல்லாம் எழுதற. என்னயும் வக்கீலு ஆக்கிடுவ போல."

பிறகு தீர்த்தான் என்று தன் கொழுந்தன் ஒருவரைப் பற்றி ஏதோ சொன்னார். அவர் மட்டும் குடகுக்குப் போகவில்லையாம். ஒரு கால் விளங்காது, அவ்வளவு தூரம் நடக்க முடியாது. இருந்த இரண்டு மாட்டையும் பார்த்துக்கொண்டு, பாறை இடுக்கில் சொட்டுகிற தண்ணீரைப் பிடித்துக் குடித்துக்கொண்டு, பதினான்கு வீட்டுக்கும் தினம் ஒரு வீடாக அடுப்பு மூட்டிக்கொண்டு இருந்தாராம். எல்லா வீட்டிலும் புகை வர வேண்டும் என்று ஏதோ அவர்கள் நம்பிக்கை. அதையும் எழுதினேன், அடுத்த தாளில். சுவையான தகவல். ஆனால் வாதத்துக்குத் தேவையில்லாதது. வாதம் என்றால் கத்தி மாதிரி இருக்க வேண்டும் சிஸ்டர்.

மூட் கோர்ட்டில் ஒரு விதி உண்டு. தாளில் இல்லாத தகவலை நாமாகச் சேர்க்கக் கூடாது. வேண்டுமானால் பிரச்சினை எழுதியவருக்கு விளக்கக் கேள்வி அனுப்பலாம், அவர் பதிலை நோட்டீஸ் போர்டில் ஒட்டுவார்கள், அது இரண்டு தரப்புக்கும் பொது. பிள்ளைகள் சாதாரணமாக 'வழக்குப் போட்ட தேதி என்ன' என்ற மாதிரி ஏதாவது அசட்டுக் கேள்வி கேட்பார்கள். நான் ஒரே ஒரு கேள்வி அனுப்பினேன். 'மேற்படி ஊரார் அனைவரும், குடியேறிய பதினோராம் ஆண்டின் முடிவில், இரண்டு மழைக்காலங்கள் ஊரைவிட்டு வெளியேறியிருந்தனரா?'

நாலு நாள் பதில் வரவில்லை. ஐந்தாம் நாள் ஒட்டினார்கள். 'ஆம் எனக் கொள்க.'

அந்த நாலு நாளில் எஸ்டேட் ஜீப் இரண்டு தடவை ஊத்துப்பாறைக்குப் போய் வந்ததாக மெஸ்ஸில் பேச்சு. குடகுக்கு ஆள் கூட்டிப்போன கங்காணி யார், எந்த எஸ்டேட் என்று கிழவர்களிடம் பேச்சுக் கொடுத்தார்களாம். நான் அதற்கெல்லாம் காது கொடுக்கவில்லை. எனக்கு வாதம் எழுதுகிற வேலை இருந்தது.

இறுதிப் போட்டியில் ஊர்க்காரர்கள் பக்கம் வாதாடியவன் மாதேஷ். எனக்கு ஒரு வருஷம் சீனியர். நல்ல பையன், ஆனால் வாதாடும்போது குரல் நடுங்கும். "அவங்க திரும்பி வர்றதுக்காகத்தான் போனாங்க, போனது வேற, விட்டுட்டுப் போனது வேற" என்று என்னவோ சொல்லிப் பார்த்தான். நான் எழுந்து ஒரு வாக்கியம் சொன்னேன். "கனம் நீதிபதி அவர்களே, புகை வராத ஊர், ஊரல்ல, வெறும் இடம்." அவ்வளவுதான். ஹால் முழுக்கக் கைத்தட்டல். ஞானப்பிரகாசம் சார் எழுந்து நின்று தட்டினார். அக்கா அன்றைக்கு ராத்திரி எனக்காகக் கேசரி கிண்டினார், முந்திரி போட்டு. "எம் பாப்பா ஜெயிச்சிட்டா" என்று ஒவ்வொரு தட்டிலும் வைத்தார். அப்படி இருந்தவர்தான் இப்போது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

இப்போது அநியாயத்துக்கு வருகிறேன்.

ஆடி மாதம் கோர்ட்டுக்குப் பயிற்சிக்குப் போயிருந்தோம். ஒரு குமாஸ்தாவின் மேஜை மேல் ஊத்துப்பாறை வழக்குக் கட்டு கிடந்தது. 'புதிய தகவல் கிடைத்துள்ளபடியால் சாட்சி விசாரணையை மறுபடி திறக்க வேண்டும்' என்று எஸ்டேட் தரப்பில் புது மனு. சும்மா புரட்டினேன். இரண்டாவது பக்கத்தில் என் வாதம்! பதினொன்று, ஐந்து, பன்னிரண்டு எங்கே என்று நான் போட்ட கணக்கு அப்படியே. கடைசியில், கேளுங்கள், 'புகை வராத ஊர், ஊரல்ல, வெறும் இடம்.' என் வாக்கியம் சிஸ்டர். என்னுடையது. கீழே எஸ்டேட் வக்கீலாகக் கையெழுத்து ஞானப்பிரகாசம். என் பெயர் எங்கும் இல்லை.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? ஒரு பெண் பிள்ளை எழுதியது என்றால் யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாமா? ஒரு ஆணுடைய வாதமாக இருந்தால் இப்படித் துணிவார்களா? அதே வேகத்தில் வந்து உட்கார்ந்து பிரின்சிபாலுக்குப் புகார் எழுதினேன். ஏழு பக்கம். நகல் முன்னாள் மாணவர் சங்கத்துக்கு. இந்தத் தகவலைக் கண்டுபிடித்தது நான், சடைச்சி என்பவர் இன்ன தேதியில், இன்ன நேரத்தில், மெஸ் அடுப்படியில் என்னிடம் நேரில் சொன்னார், ஊரார் அனைவரும் வெளியேறியிருந்தனர் என்று சொன்னார், என்று நோட்டுத் தாளைப் படம் எடுத்து இணைத்தேன். ஒரு தாள்தான். அந்த ஒரு தாள் போதுமே என் உரிமையை நிரூபிக்க. ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்துப் போட்டேன்.

ஃபைனல் இயர் பெண்கள் சிலர் "வேணாம்டி மித்ரா" என்றார்கள். எனக்குப் பயந்து வாழத் தெரியாது.

இரண்டு நாளில் ஞானப்பிரகாசம் சாரே ஃபோன் பண்ணினார்.

"சங்கமித்ராவாம்மா? உன் கம்ப்ளெயின்ட் படிச்சேன். வெக்கமா இருக்கும்மா எனக்கு."

"வெட்கப்பட்டா போதாது சார். என் பேர் வரணும்."

"வரும். கண்டிப்பா வரும். அந்தம்மா உன்கிட்ட நேராவே சொன்னாங்களா?"

"நேரா சார். டீ குடிச்சுக்கிட்டு இருந்தப்ப."

"கேஸுக்காகச் சொல்லல. சாதாரணமா பேசிக்கிட்டு இருக்கறப்ப சொன்னது."

"ஆமா சார்."

"அதுக்குத்தாம்மா மதிப்பு. கேஸ் ஞாபகமே இல்லாம சொல்றது இருக்கே, அத எந்த ஜட்ஜும் தள்ள மாட்டார். தேதி போட்டு எழுதி வெச்சிருக்க பாரு, இந்தக் காலத்துப் புள்ளைங்ககிட்ட இல்லாத பழக்கம். படிப்பு முடிஞ்சதும் நம்ம ஆபீசுக்கு வந்துடு."

ஒரு பெரியவர் தன் தவறை ஒத்துக்கொள்கிறாரே என்று எனக்கே மனசு இளகிவிட்டது. மூன்று வாரம் கழித்துப் பெயர் வந்தது. கோர்ட் சம்மன். வாதி தரப்பு நான்காம் சாட்சி, சங்கமித்ரா.

சிரிக்கிறீர்களா சிஸ்டர்? இல்லையா, சரி.

கொஞ்சம் இப்படித் திரும்பிப் பின் கண்ணாடியில் பாருங்கள். பனிக்குள் மஞ்சளாக இரண்டு வெளிச்சம் தெரிகிறதா? எஸ்டேட் ஜீப். காலையில் ஹாஸ்டல் வாசலில் வந்து நின்றது, "சார் உங்களைக் கூட்டிவரச் சொன்னாரு" என்று. ஒரு தரப்பின் வண்டியில் சாட்சி போகக் கூடாது, அது முறையல்ல என்று சொல்லிவிட்டேன். நான் அந்த விஷயத்திலெல்லாம் கறார். அதற்கு என்ன, பஸ் பின்னாலேயே வருகிறார்கள். ஒவ்வொரு வளைவிலும் எண்ணிப் பார்த்தேன், பதினேழு வளைவாக அதே தூரம். முந்தவும் இல்லை, பின்தங்கவும் இல்லை.

மேலே பிரிவுச் சாலையில் ஜேசிபி இரண்டு நின்றதே, கவனித்தீர்களா? போன வாரம் வந்தது. ஊத்துப்பாறைக்கு ரோடு போடவாம். நல்லதுதானே. பாவம், ஆத்திர அவசரத்துக்கு ஆம்புலன்ஸ்கூடப் போகாத ஊர்.

அக்கா மெஸ்ஸுக்கு வருவதை நிறுத்தி நாற்பது நாள் ஆகிறது. நிறுத்தினாரா, நிறுத்தினார்களா என்று தெரியாது. புது ஆள் போடுகிற சாம்பாரைப் பெண்கள் கொண்டுபோய் வாளியில் கொட்டுகிறார்கள், கொட்டிவிட்டு என்னைப் பார்க்கிறார்கள். நான் சாப்பிட உட்கார்ந்தால் மேஜை காலியாகிறது. ஒருத்தி என் அறைக் கதவில் 'ஆம் எனக் கொள்க' என்று சாக்பீஸால் எழுதி வைத்தாள். கோழைகள். நேரில் வந்து வாதாட ஒருத்திக்குத் தைரியம் இல்லை.

நேற்று சாயங்காலம் அக்கா ஹாஸ்டல் கேட்டுக்கு வந்தார். தனியாக. பனி இறங்கிக்கொண்டிருந்தது. வாட்ச்மேன் உள்ளே விடவில்லை, கம்பிக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் அவர்.

"எளைச்சிட்ட பாப்பா."

"சாப்பாடு சரியில்லக்கா."

"ம்." கம்பியைப் பிடித்துக்கொண்டார். "நாளைக்கு ஏழரை வண்டிதான?"

"ஆமாக்கா."

"நீ பொய் ஒண்ணும் சொல்ல வேணாம். நான் சொன்னதச் சொல்லு. ஆனா முழுசா சொல்லு. கொழுந்தன் இருந்ததயும் சொல்லு. அவ்ளோதான் கேக்கறேன்."

"அக்கா, சாட்சின்னா கேட்டதுக்கு மட்டும்தான் பதில் சொல்லணும். கேட்காததை எல்லாம் சொல்லக் கூடாது."

"அப்பிடியா? அன்னிக்கு அடுப்படில நீ கேட்டத மட்டுமா சொன்னேன்? கேக்காததயும்தான சொன்னேன்."

இது எப்படி வாதம் ஆகும், சொல்லுங்கள். அடுப்படியும் நீதிமன்றமும் ஒன்றா? பொறுமையாக விளக்கினேன். "அக்கா, புகார்ல 'அனைவரும்'னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கேன். இப்ப ஒருத்தர் இருந்தார்னு சொன்னா, நான் எழுதினது பொய்னு ஆயிடும். நாளைக்கு நான் வக்கீலா பதிவு பண்ணணும். முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு பேசறவளை யாரு மதிப்பா?"

"பதினாலு வீடு பாப்பா" என்றார் அக்கா. "எம் மாமியாள அங்கதான் பொதச்சிருக்கு. தீர்த்தான அங்கதான் பொதச்சிருக்கு." அவ்வளவுதான். திரும்பி நடந்தார். பத்தடியில் பனி மூடிவிட்டது.

எனக்கு ராத்திரி தூக்கம் இல்லை. கோபம். ஒரு சாட்சியை முந்தின நாள் பார்த்து இதைச் சொல் அதைச் சொல் என்பது தவறு என்று அவருக்கு யாராவது சொல்லியிருக்க வேண்டாமா? சாரும் பேசினார்தான், ஆனால் அவர் வக்கீல், அது வேறு. "நோட்டு முழுக்க வேணாம்மா, அந்த ஒரு தாள் மட்டும் எடுத்துட்டு வா" என்றார். எடுத்து வந்திருக்கிறேன். மீதியெல்லாம் பத்திரமாகப் பெட்டியில் இருக்கிறது. எந்த ஆதாரத்தையும் நான் அழிக்க மாட்டேன். அது குற்றம்.

அந்தத் தீர்த்தானைப் பற்றிக் கேட்கிறீர்களா? செத்துப்போய் ஆறு வருஷம். ரேஷன் கார்டு கிடையாது, ஓட்டு கிடையாது, எஸ்டேட் சம்பளப் பதிவிலும் பெயர் கிடையாது. குடகில் இருந்தவர்களுக்கு எப்படித் தெரியும் ஊரில் அவர் இருந்தாரா என்று? இவர்கள் சொன்னால், வழக்குக்காக இப்போது இட்டுக்கட்டுகிறார்கள் என்று சார் ஒரே நிமிஷத்தில் உடைத்துவிடுவார். வழக்கு ஞாபகமே இல்லாத நேரத்தில் யாரிடமாவது சொல்லியிருந்தால்...

அதை விடுங்கள். வெயில் வருகிறது பாருங்கள். கீழே வந்துவிட்டோம்.

எனக்கு ஓர் உதவி செய்வீர்களா? கொஞ்சம் ஒத்திகை பார்க்க வேண்டும். எனக்கு மேடைப் பயம் இல்லை, சும்மா ஒரு தடவை. நீங்கள் எஸ்டேட் வக்கீல். கேளுங்கள்: 'சடைச்சி உங்களிடம், ஊரார் குடகுக்குப் போனதாகச் சொன்னாரா?' சத்தமாகவே கேளுங்கள், பரவாயில்லை.

ஆமாம்.

'இரண்டு மழைக்காலம்?' ஆமாம். பார்த்தீர்களா, சுலபம். இப்போது நீங்கள் எதிர்த்தரப்பு வக்கீல். என்னைக் குறுக்கு விசாரணை செய்யுங்கள். உங்களுக்குத் தோன்றியதைக் கேளுங்கள்.

என்ன?

'அப்போ ஒருத்தர்கூடவா வீட்ல இல்ல?'

சரிதான். வீடு வீடாகப் போகிறவர் நீங்கள், பூட்டின வீட்டுக்குள்ளும் யாராவது படுத்துக் கிடப்பார் என்று உங்களுக்குத் தெரியும். அதனால் முதல் கேள்வியே அதைக் கேட்கிறீர்கள். ஆனால் அவன் கேட்க மாட்டான் சிஸ்டர். எதிர்த்தரப்பு வக்கீல் யார் தெரியுமா? மாதேஷ்தான். சித்திரையில் படிப்பை முடித்து, இலவச சட்ட உதவியில் இவர்களுக்காக வந்திருக்கிறான். மூன்று தடவை எனக்கு ஃபோன் பண்ணினான், நான் எடுக்கவில்லை. எதிர்த்தரப்பு வக்கீலோடு சாட்சி பேசுவது அழகல்ல. அக்கா அவனிடம் தீர்த்தானைப் பற்றிச் சொல்லித்தான் இருப்பார். ஆனால் நான் என்ன சொல்வேன் என்று அவனுக்குத் தெரியாது. குறுக்கு விசாரணையில் விடை தெரியாத கேள்வியைக் கேட்கவே கூடாது. நாலாம் வருஷம் சாட்சியச் சட்ட வகுப்பில் முதல் நாள் கரும்பலகையில் எழுதிப் போடுவார்கள். எழுந்து நிற்பான், அந்தக் கேள்வி அவன் நாக்கு நுனி வரைக்கும் வரும், குரல் நடுங்கும், 'கேள்வி இல்லை' என்று உட்கார்ந்துவிடுவான். எங்கள் காலேஜில் படித்த எவனும் கேட்க மாட்டான். நானாக இருந்தாலும் கேட்க மாட்டேன்.

கேட்டால் என்ன சொல்வேன் என்றா?

அவன் கேட்க மாட்டான் சிஸ்டர்.

...கோர்ட் ஸ்டாப் வந்துவிட்டது. இருங்கள், அக்கா திரும்புகிறார். இங்கேதான் பார்க்கிறார். அவ்வளவு தூரத்துக்குக் கேட்டிருக்குமா? கேட்டிருக்கும், பஸ்ஸே பேச்சு மூச்சில்லாமல்தானே வந்தது. என்ன சொல்கிறார்? "நர்ஸம்மா, நீங்களே எங்களுக்கு வக்கீலா வந்திருக்கக் கூடாதா?"

பார்த்தீர்களா! உங்களைப் பார்த்து ஒரு மணி நேரம் இருக்குமா? உங்களிடம் பேசுகிறார். என்னிடம் ஒரு வார்த்தை இல்லை.

ஏன் யாரும் இறங்கவில்லை? நடுவழியை விட்டு எல்லோரும் சீட்டோடு சீட்டாக ஒட்டிக்கொண்டு நிற்கிறார்கள், குழந்தைகளைக்கூட இழுத்து அணைத்துக்கொண்டு. நான் முதலில் போகவாம். என் துப்பட்டாகூட அவர்கள் மேல் படாத மாதிரி. வெளியே ஜீப்பில் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறார்கள், கோர்ட் வாசலுக்கு நாற்பது அடிதான் இருக்கிறது, அதற்கு எதற்கு ஜீப்?

போகிறேன் சிஸ்டர். நீங்கள் ஒன்றும் சொல்ல வேண்டாம், உங்கள் முகமே சொல்கிறது. ஆனால் வாதம் என்று வந்தால் நீங்களும் ஒத்துக்கொண்டுதான் ஆக வேண்டும். நான் என்ன செய்துவிட்டேன்? ஒரு கேள்விதானே கேட்டேன்?